ரஜாயைப் புரட்டிப் பார்க்கிறவர்கள்

ரஜாய் தைக்கிறவனுக்கு மேல் பக்கத்தால் பேர் வருவதில்லை, அடிப்பக்கத்தால் பேர் கெடுவது மட்டும் உண்டு. என் பேரைக் கெடுத்தவர்களில் முதல் ஆள் என் சம்சாரத்தின் அண்ணன் சுக்கூர். மற்றவர்களை எல்லாம் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வைத்திருக்கிறேன்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் சுக்கூர் மச்சானுக்கு மெத்தைக் கடை. நான் அங்கே பூத்தையல்காரன். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சைப் பரப்பித் தைத்த போர்வைதான் ரஜாய். அதில் பூவும் கொடியும் தைக்க வேண்டுமென்றால் மெஷினில் துணியை நகர்த்துகிற பல்லைக் கீழே இறக்கிவிட வேண்டும். துணியை அமுக்கிப் பிடிக்கிற பாதத்தைக் கழற்றிவிட வேண்டும். அப்புறம் இரண்டு கையையும் ரஜாய் மேல் விரித்து வைத்து, ஊசிக்கு அடியில் நாமே அதை ஓட்ட வேண்டும். பென்சிலை அசையாமல் நிறுத்திவிட்டுத் தாளை நகர்த்தி எழுதுகிற மாதிரி. நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். பென்சிலில் வராத வளைவெல்லாம் எனக்கு இதில் வந்தது.

மேல்நூலும் அடிநூலும் பஞ்சுக்கு நடுவில் சந்தித்துக்கொள்ள வேண்டும். ஒன்று ஜாஸ்தி இழுத்தால் மற்றது அந்தப் பக்கம் போய் விழும். மேல்நூல் அடிப்பக்கம் போய் வளையம் வளையமாகத் தொங்கினால் அதற்குப் பெயர் கண்ணி. மெஷின் மிதித்து நொந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒரு மச்சானும் இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

இடுப்பில் தொங்கிய ஸ்க்ரூ டிரைவர்

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் மறியல் நடந்த வருஷங்கள் அவை. பஸ் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். அப்படி ஒரு சமயம், தியாகதுருகத்து மளிகைக்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்குச் சிவப்பு சாட்டின் துணியில் ரஜாய் கேட்டிருந்தார். மேலே தைக்கப் பளபள நூல் கடையில் இருந்தது. அடியில் போடுகிற மெல்லிய நூல் தீர்ந்துவிட்டது. சேலத்திலிருந்து வர வேண்டிய நூல் லாரியோடு வழியில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது.

மச்சான் யோசிக்கவே இல்லை. மெத்தை ஓரம் அடிக்கிற தடி நூலை அடிநூல் உருளையான பாபினில் சுற்றிக் கொடுத்தார். மேலே வழுக்குகிற நூல், அடியில் கயிறு. எருமையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே ஏரில் பூட்டின கதை. பாபின் உட்காருகிற டப்பியை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறினால், அது சிலந்தி மாதிரிக் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். இது இறங்கவே இல்லை. உடும்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு தொங்கியது. டப்பியின் பக்கத்தில் உளுந்து அளவுக்கு ஒரு திருகு இருக்கிறது. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் தீர்ந்தது. ஆனால் அதற்கான குட்டி ஸ்க்ரூ டிரைவர் மச்சானின் பச்சை பெல்ட்டில், கடைச் சாவியோடு தொங்கியது. அந்தத் திருகைத் தொட்டவன் எவனும் மெஷினைக் கெடுக்காமல் விட்டதில்லை என்பது அவர் கொள்கை. அவரும் தொடமாட்டார், என்னையும் தொட விடமாட்டார்.

மேல்நூலை இறுக்கிப் பார்த்தேன். பளபள நூல் பட்பட்டென்று அறுந்தது. தளர்த்தினால் கண்ணி. "மச்சான், இது ஒத்து வராதுங்க. அடியில எல்லாம் கண்ணியா விழுது. நூல் வர்றவரைக்கும் நிறுத்தி வைக்கலாம்" என்று தெளிவாகச் சொன்னேன். என் சம்சாரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் பெல்ட்டை ஏற்றிக் கட்டிக்கொண்டு சொன்னது இது: "சும்மா தை மாப்ளே. கல்யாண ரஜாயோட அடிப்பக்கத்தை எவன் பார்க்கப் போறான்?"

ரோட்டில் புளியமரம்

மாப்பிள்ளை வீட்டாருக்குப் படுக்கைச் சீர் காட்டுகிற நாளில் பஸ் இல்லை. ரஜாயை எடுத்துக்கொண்டு தியாகதுருகத்துக்கு என் சைக்கிளில் போனோம். போனோம் என்றால், நான் மிதித்தேன், மச்சான் பின்னால் உட்கார்ந்தார், ரஜாய் அவர் மடியில் உட்கார்ந்தது. மச்சான் இந்தக் கதையைச் சொல்லும்போது 'சைக்கிள்லதான் போனோம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார். அதனால்தான் யார் மிதித்தது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

வழியில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. மறியல்காரர்கள் அதன் மேல் வரிசையாக உட்கார்ந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். "மூட்டையில இன்னா பாய்?" என்றார் தலையில் துண்டு கட்டின ஒருவர். "கல்யாண ரஜாய்ங்க" என்றேன். பிரித்துக் காட்டச் சொன்னார். மச்சான் மரத்தின் மேலேயே விரித்தார். வெயிலில் சாட்டின் மின்னியதும் அத்தனை பேரும் மல்லாட்டையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். "ஷோக்கா கீது பாய்" என்று ஒருவர் சொன்னார். எனக்கு அந்த மரத்தைக்கூடப் பிடித்துப்போனது.

துண்டு கட்டினவர் மட்டும் ஓரத்தைப் பிடித்துப் புரட்டினார். போராட்டத்துக்கு வந்தவருக்கு இந்த வேலை எதற்கு? கேட்க நினைத்தேன், பக்கத்தில் அரிவாள் இருந்ததால் கேட்கவில்லை. அவர் கண்ணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எங்கள் சைக்கிளை இரண்டு பேரைவிட்டு மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார், எங்கள் கையில் ஆளுக்கு ஒரு பிடி மல்லாட்டை கொடுத்தார், வழியனுப்பி வைத்தார்: "இந்த மரத்தை நாங்க தாண்ட வுட்டுட்டோம், போய்க்கினே இருங்க. மாப்ள வூட்டுப் பொம்பளைங்க திருப்பிப் பார்த்தாங்கன்னு வையி, அந்த மறியலை எவனும் தாண்ட வுட மாட்டான் பாய்."

மோதிரத்தில் மாட்டின கொடி

படுக்கைச் சீரைப் பார்க்க வருகிற பெண்கள் முதலில் ரஜாயைப் புரட்டுவார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மேல் பக்கத்தைக் கடைக்காரன் காட்டுவான், அடிப்பக்கத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. புரட்டி, உள்ளங்கையால் தடவுவார்கள். பரம்பரையாக மெத்தை விற்கிற மச்சானுக்கு இது மட்டும் அன்றைக்கு எப்படி மறந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் வந்திருந்தார். தியாகதுருகத்தில் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான், பேர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. பாயில் உட்கார்ந்து ரஜாயைப் புரட்டினார். கல் வைத்த மோதிரம் போட்ட கையால் தடவினார். கண்ணி ஒன்று கல்லில் மாட்டியது. கையை இழுத்தார். நூல் வந்தது. இன்னும் இழுத்தார். ஒரு பூ போனது, அதன் இலை போனது, கடைசியில் நான் ஒரு பகல் முழுக்கத் தைத்த கொடி அவர் மோதிரத்தில் சிக்கெடுத்த முடி மாதிரித் தொங்கியது. 

"இன்னா சுக்கூரு இது?" என்றார் பெரியம்மா.

நான் மச்சானைப் பார்த்தேன். நூல் வரவில்லை, இருந்ததை வைத்துத் தைக்கச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். மறியல் நேரம், எல்லோரும் புரிந்துகொண்டிருப்பார்கள். சொல்லாமல் சும்மா நின்றிருந்தாலும் நான் பொறுத்திருப்பேன். மச்சான் தலையைக் கவிழ்த்து, ரொம்ப வருத்தப்படுகிறவர் மாதிரிச் சொன்னார்: "இன்னாங்க பண்றது பெரியம்மா, தங்கச்சி புருஷனாச்சேன்னு வச்சிக்கினு இருக்கேன். அவனுக்குக் கை ஒதறுது."

பஸ் ஓடாத ஊரில் ஓடின பேர்

அன்றிலிருந்து எனக்குப் பேர் 'ஒதறல் காதர்'. தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அந்த வாரம் பஸ் வரவில்லை, பால் வரவில்லை, தபால் வரவில்லை. அந்தப் பேர் மட்டும் எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. மச்சான் என்னைப் பூ மெஷினிலிருந்து எழுப்பித் தலையணை உறை தைக்க உட்கார வைத்தார். கல்யாண வேலை கொண்டுவருகிறவர்கள் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் துணியைக் கொடுத்தார்கள். நான் வேண்டுமென்றே டீ கிளாசை விளிம்பு வரை நிரப்பச் சொல்லி, ஒரு சொட்டு சிந்தாமல் கடைவாசலில் நின்று குடித்துக் காட்டினேன். ஒருவனும் கவனிக்கவில்லை.

பதிலுக்கு நானும் சும்மா இருக்கவில்லை. மச்சான் வீட்டு விருந்தில் பிரியாணி போட்டால் சோற்றை மட்டும் தின்பேன், கறியைத் தொடமாட்டேன். ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. கடையடைப்பு நாட்களில் போக்கிடம் இல்லாதவர்கள் எல்லாம் எங்கள் கடை மெத்தைகளில் வந்து உட்கார்ந்து, மெஷினுக்கு வைத்தியம் சொன்னார்கள். எண்ணெய் கம்மி என்றார் சைக்கிள் கடைக்காரர். எண்ணெய் ஜாஸ்தி என்றார் முடிதிருத்துகிறவர். தர்காவிலிருந்து கயிறு வாங்கிக் கட்டச் சொன்னார் ஒருவர். எதிர்க்கடை டீக்காரர் கோவிந்தன் மட்டும் மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மச்சான் காதில் விழும்படி என்னிடம் சொன்னார்: "கண்ணு பட்டிருக்குது பாய். வெளி ஆளு கண்ணு இல்ல, பச்சை பெல்ட்டு கட்டின கண்ணு."

கூடு

பூ மெஷினில் மச்சானே உட்கார்ந்தார். பாதத்தைக் கழற்றினார். பாதத்தை ஏற்றி இறக்குகிற கைப்பிடி ஒன்று பின்னால் இருக்கிறது. பாதம் இல்லாவிட்டாலும் அதை இறக்கியே ஆக வேண்டும், அப்போதுதான் மேல்நூல் ஓடுகிற இரண்டு தட்டும் சேர்ந்து நூலை இறுக்கிப் பிடிக்கும். மச்சான் அதை இறக்கவில்லை. பாதமே இல்லை, எதை இறக்குவது என்று நினைத்திருப்பார். நானும் தலையணை உறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உறை தைக்க வைத்தவர்களுக்கு உறை தைத்தால் போதாதா?

அரை மணி நேரம் ஆனந்தமாக ஓட்டினார். மேலே பூ மாதிரி ஏதோ வந்திருந்தது. ரஜாயை எடுக்கப் பார்த்தால் அது வரவில்லை. அடியில் நூல் ஒரு தேங்காய் அளவுக்குச் சுருண்டு மெஷினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தரியை எடுத்து அறுத்தார். அந்த நேரத்தில் என் சம்சாரம் ஜைத்தூன் சோற்றுத் தூக்கோடு வந்தாள். அண்ணன் கையில் இருந்ததை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அண்ணன் மேல் உயிர், அதனால் மரியாதையாகத்தான் சொன்னாள்: "தூக்கிப் போட்டுடாதீங்கண்ணே. அடைக்கோழி ஒண்ணு சும்மா கீது, முட்டை வச்சா பொரிச்சிடும்."

நைனார்பாளையத்து ரஜாய்

கூடு கட்டின பயத்தில் மச்சான் மேல்நூலை முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிட்டார். நைனார்பாளையத்து விவசாயி ஒருவரின் ரஜாய் அப்போது மெஷினில் இருந்தது. நல்ல கெட்டித் துணி, தடி நூல், அறுபடவில்லை. ஆனால் தையல் ஓட ஓட ரஜாய் நான்கு பக்கமும் சுருங்கி மேலே எழும்பிக்கொண்டே வந்தது. வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி. விரித்தால் படுக்காமல் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

விவசாயி வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். கோபக்காரர் இல்லை. துவரை அறுப்பு முடிந்து நேராக வந்திருந்தார். நடுவில் கையை வைத்து ஆழம் பார்த்துவிட்டு மச்சானிடம் கேட்டார்: "ஏம்பா, இதைப் போத்திக்கணுமா, இல்ல தண்ணி காட்ட மாட்டு முன்னாடி வைக்கணுமா?"

ஒரு மூட்டை சாமை

தியாகதுருகத்திலிருந்து திரும்பி வந்த சிவப்பு ரஜாய் கடை மூலையில் கிடந்தது. வெள்ளிமலைக்காரர் சின்னையன் சாமை மூட்டையோடு சந்தைக்கு இறங்கி வந்தவர், மலை பஸ் நின்றுபோனதால் கள்ளக்குறிச்சியிலேயே மாட்டிக்கொண்டார். கொட்டுகிற மழை, போர்த்திக்கொள்ள ஈரத் துண்டைத் தவிர அவரிடம் எதுவும் இல்லை. எங்கள் கடை முன்னால் ஒதுங்கியிருந்தார். நான்தான் அந்த ரஜாயை எடுத்துக் கொடுத்தேன். மச்சான் கொடுத்ததாகச் சொல்வார், நம்பாதீர்கள்.

மறுநாள் ஜீப் ஒன்று மலைக்குக் கிளம்பியபோது சின்னையன் ரஜாயை மடித்துத் திருப்பித் தரவில்லை, கக்கத்திலேயே வைத்திருந்தார். சாமை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, மூட்டைக்குப் பதில் ரஜாயைக் கேட்டார். இது பழுது, அடிப்பக்கம் சரியில்லை என்று நான் நேர்மையாகச் சொன்னேன். மச்சான் என் காலை மிதித்தார். சின்னையன் சிரித்தார்: "பழுதா? மேல் பக்கம்தான் பழுது பாய். படுத்தா வழுக்கிக்கினு ஓடுது."

வெள்ளிமலையில் தலைகீழ்

மறியல் ஓய்ந்து நூல் வந்தது. பாபினில் சரியான நூல் ஏறியதும் மெஷின் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியது. நான் தைத்த இரண்டு ரஜாய்களின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. மலையில் ரஜாய் கேட்கிறார்கள் என்று சின்னையனிடமிருந்து சேதி வந்திருந்தது. அவற்றைக் கொண்டுபோய்க் காட்ட மச்சான் என்னை அனுப்பினார். 

சின்னையன் வீட்டில் அவர் மனைவி வள்ளி, மகன்கள், மருமகள், பேரப் பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். சிவப்பு ரஜாய் தரையில் கோரைப்பாய் மேல் விரித்திருந்தது, தலைகீழாக. நான் சங்கடப்பட்டுக்கொண்டு கவனித்தேன். சாட்டின் பக்கம் பாயோடு சேராமல் வழுக்குகிறது என்று அதன் கீழே கோணி போட்டிருந்தார்கள். கண்ணிப் பக்கம் மேலே, உடம்புக்குக் கதகதப்பாக. என் புது ரஜாய்களைத் தடவிப் பார்த்துவிட்டு வள்ளி மரியாதையாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். "பிள்ளைங்க கால் வெரலு மாட்டி நாலு பூ அவுந்து போச்சுங்க. அப்படி அவுராத மாதிரி, ரெண்டு பக்கமும் இந்த முடி மாதிரி வளையம் வச்சே தச்சிக் கொடுங்க. எங்க ஜனம் எல்லாத்துக்கும் வேணும்."

 ஆயுசு முழுக்க எதைத் தவிர்க்க உயிரை விட்டேனோ அதையே ரெண்டு பக்கமும் கேட்கிறார்கள். என் முகத்தைப் பார்த்து வள்ளி என்ன நினைத்தாரோ, சாமைக்கூழ் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி ஆறுதலாகச் சொன்னார்: "விசனப்படாதீங்க பாய். இதுங்களும் நல்லாத்தான் இருக்குது, பெட்டியில வைக்க."

ஒப்பந்தம்

அவிழாத கண்ணி என்பது சும்மா இல்லை, இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் யோசித்துப் பாருங்கள். மேல்நூலைத் தளர்த்தினால் கண்ணி விழும், ஆனால் பெரியம்மா மோதிரத்தில் வந்த மாதிரி இழுத்தால் உருவிக்கொண்டு வரும். நூலை நம்பிப் பிரயோசனமில்லை, கையில்தான் இருக்கிறது. காலால் மெதுவாக மிதித்து, வளைவில் கையை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் ஒரு கண்ணி விழும். உடனே நின்ற இடத்திலேயே இரண்டு குத்து குத்தினால் அந்தக் கண்ணி கட்டுப்படும். அப்புறம் அடுத்த சொடுக்கு. ஒரு பக்கம் முடிந்ததும் ரஜாயைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்துக்கும் இதே வேலை. மச்சான் முயன்று பார்த்து ஊசியை உடைத்துக்கொண்டார். வேறு ஆள் கொண்டுவந்து உட்கார வைத்தார். அந்த ஆள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

நான் தலையணை உறையை ஓரமாக வைத்தேன். "தைக்கிறேன் மச்சான். ஆனா பெரியம்மா முன்னாடி, கையில தப்பில்ல, நூல்லதான் தப்புன்னு உங்க வாயால சொல்லணும்ங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்தப் பேர் எங்கே ஒட்டியதோ அங்கேயே உரிய வேண்டும். மச்சான் தாடியைத் தடவினார், வாசலைப் பார்த்தார், மலைக்காரர்களின் எண்ணிக்கையை மனதில் ஓட்டினார், ஒத்துக்கொண்டார்: "சொல்றேன் மாப்ளே. அவங்க இங்க வரட்டும், நீ பக்கத்துல நில்லு, நான் சொல்றேன்."

ஒரே நாளில் இரண்டு வாடிக்கை

தைத்தேன். கண்ணிகள் அளந்து வைத்தாற்போல வந்தன. வள்ளியின் ஊர்க்காரர்கள் மறுபடி மறுபடி கேட்டார்கள். பெரியம்மா மட்டும் வரவில்லை. தியாகதுருகத்துப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த சேதி வந்தது, அப்புறம் ஒரு நாள் தொட்டில் மெத்தை வாங்கப் பெரியம்மாவே கடைக்கு வந்தார். நான் அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டிருந்தேன். அவர் வருவதாக முந்தின நாளே தெரியும் என்பதை மறைக்கவில்லை.

பெரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், மச்சானிடம் சொன்னார்: "கை ஒதறாத ஆளாப் பார்த்துத் தைக்கச் சொல்லு சுக்கூரு. பச்சைப் புள்ள படுக்கறது."

நான் மச்சானின் பக்கத்தில் போய் நின்றேன். தொண்டையைக் கனைத்தேன். மச்சானும் தொண்டையைக் கனைத்தார். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்து மலைக்கான ரஜாய்களை எடுத்துப்போகச் சின்னையன் வந்து நின்றார். நல்ல மனுஷர். கட்டி வைத்த ரஜாய் ஒன்றைப் பிரித்துக் கண்ணிகளைத் தடவினார். யார் இருக்கிறார்கள், என்ன பேச்சு என்று எதுவும் தெரியாமல், எனக்குப் பெருமை சேர்க்கிறேன் என்று உரக்கச் சொன்னார்: "நாலு ஊர்ல தேடினாலும் இப்படி ஆள் கிடைக்காதுங்க. நான் கிட்ட நின்னு பார்த்தேன், பாய் கையை ஒதறினா பொட்டுப் பொட்டுன்னு விழுது. இந்த ஒதறல் அவர் கைக்குத்தான் உண்டு, வேற எவனுக்கும் வராது."

பெரியம்மா என் கையைப் பார்த்தார். மச்சானின் முகம் பெருநாள் பிறை தெரிந்தாற்போல மலர்ந்தது. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடைக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னார்: "கேட்டுக்கினீங்களா பெரியம்மா? அவனுக்குக் கை ஒதறுதுன்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

மச்சானுக்கு இப்போது காது போய்விட்டது, கண்ணும் மங்கிவிட்டது, வாய் மட்டும் கல் மாதிரித் திடமாக இருக்கிறது என்பதால், அந்த வாயிலிருந்து எனக்கு வர வேண்டிய அந்த ஒரு வார்த்தை வந்து சேரும்வரை நான் சாவதாக இல்லை.